கேட்காமல் நடப்பது

திங்கட்கிழமை காலை எங்கள் அலுவலகத்தில் மீட்டிங் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் பேசுவது நடையைப் பற்றித்தான். யார் எந்த மலையில் நடந்தார்கள், எத்தனை மைல், எங்கே சேறு, எந்த பப்பில் சாப்பாடு நன்றாக இருந்தது. மான்செஸ்டருக்கு வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நான் வளர்ந்த இடத்தில் நடை என்பது பஸ்ஸைத் தவறவிட்டவன் செய்வது. ஒருவன் நாற்பது நிமிடம் காரை ஓட்டிக்கொண்டு போய் ஒரு மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு, நான்கு மணிநேரம் நடந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறான் என்று ஊரில் சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

எட்டு வருடத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன். அதுவும் வசந்தத்தில் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை. ஐந்து மாதம் சாம்பல் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்த வானம் ஏப்ரல் கடைசியில் விலகும். மாலை எட்டரை வரை வெளிச்சம். மரத்தடிகளில் நீலமணிப் பூக்கள் தரை தெரியாமல் பூத்திருக்கும். புல்வெளிகளில் பிறந்து சில வாரங்களே ஆன ஆட்டுக்குட்டிகள் காரணமே இல்லாமல் நான்கு காலையும் தூக்கிக் குதிக்கும். நமக்குச் சித்திரை என்றால் கத்திரி. இங்கே அதே மாதத்தில்தான் பூமி கண் விழிக்கிறது.

போன வருடம் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக இங்கே வந்தார்கள். மே மாத முதல் திங்கள் இங்கே பொது விடுமுறை. புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஃபிளாஸ்க்கில் டீ எல்லாம் கட்டிக்கொண்டு ஐந்து பேரும் கிளம்பினோம். நான், மனைவி, ஆறு வயது மகள், அப்பா, அம்மா. போன இடம் ஹேஃபீல்ட். பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் மேற்கு ஓரத்தில், கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டின் அடியில் இருக்கும் சின்ன ஊர்.

ஊரைத் தாண்டியதும் பாதை நேராக ஒரு புல்வெளிக்குள் நுழைகிறது. நுழைவில் ஒரு கதவு. ஒரு நேரத்தில் ஒரு ஆள் மட்டும் உள்ளே போய், ஒதுங்கி நின்று, கதவை மறுபக்கம் தள்ளிவிட்டு வெளியேறும்படி செய்திருப்பார்கள். மனிதன் போகலாம், ஆடு மாடு போக முடியாது. பக்கத்துக் கம்பத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மஞ்சள் அம்பு. மகள் முதலில் நுழைந்தாள். பின்னால் மனைவி, அம்மா. அப்பா நுழையவில்லை.

"யாரு நெலம்டா இது?"

"யாரோ ஒரு விவசாயியோடதுப்பா."

"கேட்டியா?"

"கேக்க வேணாம்பா. மஞ்சள் அம்பு போட்டிருந்தா யாரு வேணா போலாம்."

"அம்பு யாரு வேணா வரையலாம். ஆளு எங்க?"

"மாமா, நாங்க நாலஞ்சு தடவ வந்திருக்கோம். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள் மனைவி. அப்பா நுழைந்தார். ஆனால் நடு வழியில் நடக்கவில்லை. கல்சுவர் ஓரமாகவே நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆடுகள் அவரை இழுத்துக்கொண்டன. அப்பா வாழ்நாளெல்லாம் ஆடு வளர்த்தவர். ஒரு குட்டியைக் காட்டி, "இது போட்டு பத்து நாள்தான் இருக்கும்" என்றார். எல்லாக் குட்டியின் முதுகிலும் நீல மையில் ஒரு எண். தாயின் முதுகிலும் அதே எண். எது யாருடைய குட்டி என்று தெரிவதற்காக. அதைக் கண்டுபிடித்ததும் மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "தாத்தா, ஏழோட அம்மா எங்க?" சிமென்ட் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவரைத் தட்டிப் பார்த்து, "கட்டினவன் கை சுத்தம்" என்றார் அப்பா.

அப்போது மேட்டிலிருந்து ஒருவர் நாலுசக்கர பைக்கில் இறங்கி வந்தார். பின்னால் ஒரு நாய். பார்த்ததுமே தெரிந்தது, நிலத்துக்காரர்.

அப்பா பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நின்றார். தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினார். கழற்றிய தொப்பியைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இடது கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஊரில் துண்டு போகும் இடம் அது.

வந்தவர் வண்டியை நிறுத்தி, வெயில் அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். மகள் ஓடிப்போய் ஏழாம் எண் பற்றிக் கேட்டாள். அவர் இறங்கி நின்று பதில் சொன்னார். கிளம்பும்போது என்னிடம் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார்.

"என்னாடா சொன்னாரு?"

"மேல இருக்கற கதவ மறக்காம சாத்திட்டுப் போங்கன்னாருப்பா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அப்பா தொப்பியைப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஆனது.

*

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். எங்கள் தெரு ஊரிலிருந்து தள்ளி, ஏரிக்குக் கீழே. ஏன் தள்ளி என்று விளக்கத் தேவையில்லை, தமிழ்நாட்டில் தள்ளி இருக்கும் தெருக்களுக்கெல்லாம் ஒரே காரணம்தான். ஊர் வழியாகச் சுற்றினால் பஸ் ரோடு இரண்டு கிலோமீட்டர். நிலங்களுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை உண்டு, அதில் போனால் பத்து நிமிடம். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, சுடுகாடு எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. பாதை முழுக்க ஒரே குடும்பத்தின் நிலத்தில் போகிறது.

அந்த நிலத்துக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் விடுவார். கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆள் எதிரில் இருந்தால் "போய்க்கிறேங்க" என்று ஒரு குரல். ஆள் இல்லாவிட்டால் பம்புசெட் கொட்டகையைப் பார்த்து ஒரு இருமல். அந்த இருமலை அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் பின்னால் நடந்தபோது தானாக வந்துவிட்டது. பொறியியல் கல்லூரிக்குப் போகும்போதும் பம்புசெட் பக்கம் வந்ததும் இருமியிருக்கிறேன்.

2011இல் தாத்தா இறந்தார். அந்த மாதம் ஏதோ கூலித் தகராறு, பேச்சு வார்த்தை இல்லை. பாதையில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் மூன்று பேர் போய்க் கேட்டார்கள். பதில் வரவில்லை. நடவு முடிந்த நேரம். வாய்க்கால் ஓரமாக, இன்னொருவர் கழனிக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம். முன்பக்கம் இடதுபுறம் அப்பா. ஒரு இடத்தில் அவர் கால் புதைந்து பாடை சாய்ந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. காரியம் முடிந்த மறுவாரம் முள்ளை எடுத்துவிட்டார்கள். அப்பா பழையபடி இருமிக்கொண்டே நடந்தார்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டதால் ஒருவர் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. நான் அந்தக் காணொளியை மான்செஸ்டரில் ஒரு ரயிலில் உட்கார்ந்து பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் நிதானம்தான் எனக்குத் தாங்கவில்லை. பழக்கப்பட்டவர்களின் நிதானம் அது.

*

மதியம் கிண்டர் நீர்த்தேக்கம் தெரியும் ஒரு மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேலே மூர் எனப்படும் பொட்டல் மேடு. அங்கிருந்து கர்லூ பறவையின் குரல். ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு மேலே ஏற்றுவதுபோல் இருக்கும் அது. டீயை ஊற்றிக்கொடுத்துவிட்டு அப்பாவுக்கு மஞ்சள் அம்பின் கதையைச் சொன்னேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொதுப்பாதைகள் இருக்கின்றன. பெரும்பகுதி தனியார் நிலத்தின் மேல் போகிறது. நிலம் அவருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை எல்லோருடையது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி ஒவ்வொரு கவுன்டி நிர்வாகமும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுப்பாதைகளைக் கணக்கெடுத்து வரைபடம் போட வேண்டியதாயிற்று. அந்த வரைபடத்தில் கோடு ஏறிவிட்டால் அதுவே சாட்சி.

"கோடு ஏறலன்னா?" என்றார் அப்பா.

"அதுக்கும் வழி இருக்குப்பா. ஒரு பாதையில ஜனங்க இருபது வருசம் தொடர்ந்து நடந்திருந்தா அது பொதுப்பாதைன்னு சட்டம் எடுத்துக்கும். மூணே கண்டிஷன். சண்டை போட்டு நுழைஞ்சிருக்கக் கூடாது. ஒளிஞ்சு போயிருக்கக் கூடாது. அனுமதி கேட்டும் போயிருக்கக் கூடாது."

"கேட்டா என்னா?"

"கேட்டா அது அவர் குடுத்த தயவு ஆயிடும். தயவ எப்ப வேணா திருப்பி எடுத்துக்கலாம். கேக்காம நடந்தாத்தான் அது உரிம."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பாதி வாக்கியத்தில் நிறுத்த முடியவில்லை.

அப்பா டீ மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "நம்ம ஊர்லயும் இப்டிதானா சட்டம்?"

நம் ஊரிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1882ஆம் ஆண்டின் இந்திய அனுபோக உரிமைச் சட்டம், 15ஆம் பிரிவு. தொடக்கத்தில் அது அமலான சில பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதுவும் அதே இருபது வருடத்தைச் சொல்கிறது. வெளிப்படையாக, அமைதியாக, இடையூறில்லாமல், உரிமையாக அனுபவித்திருக்க வேண்டும். கேட்டு வாங்கிய அனுமதிக்கு அதே சட்டத்தில் லைசென்ஸ் என்று தனியாகப் பெயர். லைசென்ஸை, சில விலக்குகள் தவிர, கொடுத்தவரே ரத்து செய்யலாம்.

"அப்ப நாப்பது வருசமா நான் கேட்டுக் கேட்டு நடந்ததெல்லாம் கணக்குல வராதா?"

என் வேலையே அனுமதிகளோடுதான். எந்தப் பயனருக்கு எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று நிரல் எழுதுகிறேன். எங்கள் துறையில் விதி எளிது: எல்லாவற்றையும் மூடி வை, கேட்டவருக்கு, தகுதி இருந்தால், திற. நல்ல விதி. ஆனால் அந்த விதியை மண்ணின் மேல் போட்டால் அது என் ஊர் ஆகிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அப்பாவுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

சொன்னது அம்மா. டப்பாக்களை மூடி அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்குக் கேக்காம போயிருந்தா கால ஒடச்சிருப்பாங்க. கேட்டதாலதான் கால் இருக்கு. இருக்கற கால வச்சிக்கினு நட, எழுந்திரு."

*

சட்டத்தில் இருக்கும் ஓட்டை அம்மா சொன்னதுதான். கேட்காமல் நடப்பவனுக்குச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் கேட்காமல் இருபது வருடம் நடக்க யாரால் முடியும்? அடி விழாது என்ற நம்பிக்கை இருப்பவனால். பாதை யாருக்கு அதிகம் தேவையோ அவனால்தான் கேட்காமல் இருக்க முடியாது. பணிவு அவனுடைய பாதுகாப்பு. சட்டத்தின் முன் அந்தப் பணிவே அவனுக்கு எதிரான சாட்சி.

இங்கேயும் இருபது வருடப் பொறுமையில் எல்லாம் கிடைத்துவிடவில்லை. மாலை இறங்கி வந்து காரை எடுக்கும்போது, காலையில் அவசரத்தில் கவனிக்காத ஒரு பலகையை மகள் காட்டினாள். கார் நிறுத்தும் அந்த இடம் பழைய கல்குவாரி, பெயர் போடன் பிரிட்ஜ். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி சில நூறு பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளி இளைஞர்கள், இங்கே கூடினார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே இங்கிலாந்தின் பொதுநிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தனியார் கைக்குப் போயிருந்தன. கிண்டர் மேடு அப்போது பிரபுக்கள் கிரவுஸ் பறவை சுடுவதற்கான இடம். காவலுக்கு ஆட்கள். மற்றவர்களுக்கு அனுமதியில்லை. பென்னி ராத்மன் என்ற 20 வயது மெக்கானிக், வேலையில்லாதவர், இந்தக் குவாரியில் நின்று பேசினார். பிறகு எல்லோரும் மேலே நடந்தார்கள். காவலாட்களோடு கைகலப்பு. இறங்கி வந்தபோது கைது. ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம். நடைப் பிரியர்களின் அன்றைய சங்கங்களே பல, இது முறையல்ல, பேசித்தான் வாங்க வேண்டும் என்று அவர்களை ஆதரிக்கவில்லை.

ஆனால் அந்த நடைக்குப் பிறகு பேச்சு மாறியது. 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2000இல் வந்த ஒரு சட்டம் மலைமேடுகளிலும் பொட்டல்களிலும் பாதையை விட்டு இறங்கியும் நடக்க எல்லோருக்கும் உரிமை கொடுத்தது. 2002இல், 70ஆம் ஆண்டு நினைவு நாளில், அன்று நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்த டெவன்ஷர் பிரபுவின் பேரன் அங்கே வந்து வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

அப்பாவுக்கு இதைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "மன்னாப்பு கேட்டாரா? எல்லார் முன்னாடியுமா?"

கிண்டர் நடைக்கு எட்டு வருடம் முன்பே இதே விஷயம் நம் ஊரில் பேசப்பட்டிருக்கிறது. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையாகவும் வந்தது. அதே ஆண்டு மார்ச் 30ஆம் தேதி வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் அங்கே இருமுறை சிறை போனார். அதையும் இதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மான்செஸ்டர் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைக் காற்றுக்காக நடந்தார்கள். நம்மவர்கள் கோயில் தெருவில் மனிதர்களாக நடப்பதற்காக. ஆனால் இரண்டு இடத்திலும் உரிமை ஒரே மாதிரிதான் வந்திருக்கிறது. தனியாகக் கேட்டவனுக்குத் தயவு கிடைத்தது. சேர்ந்து கேட்காமல் நடந்தவர்களால்தான் சட்டமே நகர்ந்தது.

இங்கிலாந்தைத் தூக்கிப் பிடிக்க இதைச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்டது நாட்டின் பரப்பில் சுமார் 8 விழுக்காடுதான். மீதியில் மஞ்சள் அம்பை விட்டு நகர்ந்தால் இன்றும் அத்துமீறல். அன்று முழுக்க நாங்கள் எதிர்கொண்டவர்களில் எங்கள் நிறத்தில் வேறொரு குடும்பம் இல்லை. சிரித்துக் கடந்தவர்களே அதிகம். ஒரு தம்பதி மட்டும், வழி தவறி வந்துவிட்டீர்களா என்று மிகுந்த அன்போடு கேட்டார்கள். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "நாம எப்பவுமே வழி தவறி வந்தவங்க மாதிரியே தெரியறோம்ல" என்றாள். மகளுக்கு அதெல்லாம் இல்லை. அவள் பிறந்த ஊர் இது. மஞ்சள் அம்பைப் பார்த்தால் ஓடுவாள். கதவைத் திறக்குமுன் சுற்றிலும் பார்க்கும் பழக்கம் அவள் உடம்பில் இல்லை. எங்கள் குடும்பத்தில் அது இல்லாத முதல் ஆள்.

*

அப்பாவும் அம்மாவும் அக்டோபரில் திரும்பிப் போனார்கள். ஊரில் அந்த நிலம் இப்போது பழைய நிலத்துக்காரரின் மகன் பெயரில். அவர் சென்னையில் இருக்கிறார். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் மனைக்கல் நட ஆரம்பித்துவிட்டார்கள். பாதை நடுவில் இரண்டு கல். லே-அவுட் போட்டு விற்றுவிட்டால் இருமிக் கேட்கக்கூட ஆள் இருக்காது.

தை மாதம் அப்பா போன் செய்தார். கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தாராம். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இ-சேவை மையத்தில் புலப்படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறான். வாட்ஸப்பில் அனுப்பினார். சர்வே எண்களுக்கு நடுவே, ஏரிக்கரையிலிருந்து ரோடு வரைக்கும், மெல்லிசாக ஒரு புள்ளிக்கோடு. என் தாத்தா பாடையில் போக முடியாத பாதை, அரசாங்கத்தின் காகிதத்தில் எப்போதும் இருந்திருக்கிறது.

"கோடு இருக்குதுடா" என்றார். குரலில் சந்தோஷத்தைவிடக் கணக்குதான் அதிகம் இருந்தது. தெருவில் பதினெட்டு பேரிடம் கையெழுத்து வாங்கித் தாசில்தாருக்கு மனு எழுதியிருக்கிறார்கள். வக்கீல் ஒருவரையும் பார்த்திருக்கிறார்கள்.

"ஆனா நடக்கத்தான் ஆளு இல்ல" என்றார். "எல்லாப் பசங்களும் ஸ்ரீபெரும்புதூர்ல, ஓசூர்ல. நீ அங்க. பாதைக்குக் காலு வேணும் இல்ல? அதனால நாங்க பெருசுங்க நாலு பேரு டெய்லி காலைல அப்டியே நடந்து ரோட்டுக்குப் போயி டீ குடிச்சிட்டு வர்றோம். யாரையும் கேக்கறதில்ல."

"இருமறதும் இல்லையா?"

"அதெல்லாம் உட்டாச்சு."

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "இன்னும் இருமறாருடா" என்றாள்.